விலையும் வாழ்வும்

பொருள்களின் விலை குறைந்தால் வாழ்க்கை எளிதாகும் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்க நாட்டின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. தொடர்ந்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில், 1933ஆம் ஆண்டிற்குள் அந்நாட்டின் நுகர்பொருள் விலைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வீழ்ந்தன. ஆயினும் அம்மலிவு மக்களுக்குப் பயன்படவில்லை. உழைப்பாளர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. ரொட்டி மலிந்தது, அதனை வாங்கக் காசில்லை. இலவச உணவுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் காத்திருந்தனர். விளைபொருள்களின் விலை பாதிக்கும் கீழே சரிந்ததால், உழவர் சிலர் மக்காச்சோளத்தை விற்காமல் அடுப்பெரித்தனர். விலை குறைந்தபோதும் வாங்கிய கடன் குறையவில்லை. ஆகவே நிலங்கள் ஏலம் போயின.

2022இல் நிலைமை நேர்மாறாக இருந்தது. அவ்வாண்டு ஜூன் வரையிலான ஓராண்டில் விலைவாசி 9.1 விழுக்காடு உயர்ந்தது. நாற்பது ஆண்டுகளில் காணாத உயர்வு அது. வேலையின்மையோ 4 விழுக்காட்டிற்கும் குறைவு. பெரும்பாலோர்க்கு வருவாய் இருந்தது. எனினும், ஊதியம் விலைக்கு ஈடாக உயராமையால், உணவுக்கும் வாடகைக்கும் எரிபொருளுக்கும் செலவிட்டபின் எஞ்சியது சுருங்கியது. மந்தத்தின் சுமை வேலையிழந்தோர்மீது பேரிடியாய் விழுந்தது. விலையேற்றத்தின் சுமை எல்லார்மீதும் பரவி, குறைந்த வருவாயினரை மிகுதியாக அழுத்தியது.

எனவே, விலையை மட்டும் நோக்கி ஒரு காலத்தின் வாழ்வை அளத்தல் பிழையாகும். ஒரு பொருளை வாங்க எத்தனை மணிநேரம் உழைக்க வேண்டும், அவ்வுழைப்பிற்கு வாய்ப்பு உண்டா என்பனவே உண்மையான அளவுகோல்கள்.