லீவு ட்ரிப் பட்ஜெட்: ஊருக்குப் போற ரோட்டுக்கு ஏற்கெனவே காசு கட்டிட்டீங்க, நடுவுல இறங்கிப் பாருங்க

ஏப்ரல் கடைசியில பசங்களுக்குப் பரீட்சை முடியும். மே மாசம் எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும். ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். நம்ம வீடுகள்ல பணம் இறுகிப் போறது இந்த மூணு மாசத்துலதான். மே மாசம் கார்டுல தேய்ச்ச பணம், ஜூன் மாசம் ஃபீஸ் கட்டுற நேரத்துல பில்லா வந்து நிக்கும்.

அதனால இந்தப் பதிவுல "ட்ரிப் போகாதீங்க, அந்தப் பணத்தை எஸ்ஐபி போடுங்க"ன்னு சொல்லப் போறதில்லை. பசங்க பத்து வயசுல இருக்கும்போது போற ட்ரிப்பை அவங்க இருபது வயசுல போக முடியாது. அந்தப் பணம் எங்கே வீணாகுது, எங்கே நல்லா வேலை செய்யுதுன்னு மட்டும் பார்ப்போம்.

நம்ம கையில ஏற்கெனவே ஒரு ட்ரிப் இருக்கு

சென்னையில இருக்கிற ஒரு குடும்பம், சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம்னு வச்சுக்கோங்க. லீவுக்கு எப்படியும் ஊருக்குப் போவாங்க. போக வர சுமார் 1,250 கிலோமீட்டர். கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்குது, பெட்ரோல் 100 ரூபாய்னு ரவுண்டா வச்சா 8,300 ரூபாய் பக்கம். டோல் தனி. இந்தச் செலவு தாத்தா பாட்டியைப் பார்க்கப் போற செலவு. இதைக் குறைக்கவும் முடியாது, தவிர்க்கவும் முடியாது.

ஆனா நாம என்ன பண்றோம்? இந்த ரோட்டை ஒரே மூச்சுல ஓட்டிக் கடந்துட்டு, ஊர்ல நாலு நாள் இருந்துட்டு வந்து, "பசங்களை எங்கேயுமே கூட்டிட்டுப் போகலையே"ன்னு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ இன்னொரு ட்ரிப் போடறோம். அதுவும் மே மாசக் கூட்டத்துல, சீசன் வாடகையில. ரெண்டாவது ட்ரிப்போட முழுச் செலவும் புதுச் செலவு. முதல் ட்ரிப்புல நடுவுல இறங்குற செலவு, அந்த இடத்துக்கான கூடுதல் பெட்ரோலும் டிக்கெட்டும் மட்டும்தான்.

செஞ்சிக் கோட்டை கணக்கு

திண்டிவனம் தாண்டி எல்லாரும் நேரா விழுப்புரம் போவோம். அதுக்குப் பதிலா திண்டிவனத்துல வலது பக்கம் திருவண்ணாமலை ரோட்டைப் பிடிச்சா செஞ்சி 30 கிலோமீட்டர்கூட இல்லை. பார்த்துட்டுத் திரும்ப திண்டிவனம் வர வேண்டியதில்லை, செஞ்சியிலிருந்தே விழுப்புரத்துக்கு ரோடு இருக்கு. ஆக நேர் வழியைவிட கூடுதலா ஓடுறது சுமார் 30 கிலோமீட்டர். 2 லிட்டர் பெட்ரோல், 200 ரூபாய். நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு 25 ரூபாய், 15 வயசுக்குள்ள இருக்கிற பசங்களுக்கு இலவசம். அம்மா அப்பாவுக்கு 50 ரூபாய். மோர், வெள்ளரிக்காய், பார்க்கிங்னு இன்னொரு 250 சேர்த்தாலும் 500 ரூபாய்.

500 ரூபாய்க்கு என்ன கிடைக்குதுன்னா, 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த ஒரு கோட்டை. மராட்டியர்களோட 12 கோட்டைகள் ஒண்ணா அந்தப் பட்டியலுக்குப் போச்சு. அதுல 11 மகாராஷ்டிரத்துல இருக்கு, வெளியில இருக்கிற ஒரே ஒண்ணு நம்ம செஞ்சி. ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. மே வெயில்ல ஒன்பது மணிக்கு மேல அதை ஏறணும்னு ஆசைப்படாதீங்க. சென்னையில நாலரை மணிக்குக் கிளம்பினாதான் இது சரிப்படும். வயசானவங்க கூட இருந்தா, கீழேயே கல்யாண மஹால், நெற்களஞ்சியம்னு பார்க்கிறதுக்கு நிறைய இருக்கு.

12 கோடி வருஷ மரமும், நடுரோட்டுக் கோட்டையும்

தெற்கே போக போக இன்னும் வேடிக்கையான இடங்கள் வரும். பெரம்பலூர் வர்றதுக்கு முன்னாடி, ஹைவேயிலிருந்தே கண்ணுக்குத் தெரியுற ரஞ்சன்குடி கோட்டை. நூறு தடவை அதைக் கடந்து போயிருப்போம், இறங்கியிருக்க மாட்டோம். முக்கால் மணி நேரம் போதும். டிரைவருக்கும் கால் நீட்ட ஒரு சாக்கு.

பெரம்பலூர் மாவட்டத்திலேயே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனா, சாத்தனூர்ல ஒரு மரம் படுத்திருக்கு. கல்லாகிப் போன மரம். 18 மீட்டர் நீளம், வயசு சுமார் 12 கோடி வருஷம். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடல். மரம் கடலடி மண்ணுல புதைஞ்சு, மரத்துக்குள்ள தாது புகுந்து கல்லா மாறிடுச்சு. 1940ல புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்சது. டைனோசர் பார்க்ல ஃபைபர் பொம்மையைப் பார்க்க தலைக்கு இவ்வளவுன்னு டிக்கெட் வாங்குறோம், இங்கே டைனோசர் காலத்து மரமே இருக்கு. ஒரு எச்சரிக்கை: மேப்ல வெறும் சாத்தனூர்னு போட்டா அது திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்குக் கூட்டிட்டுப் போனாலும் போயிடும். "கல்மரம்"னு சேர்த்துப் போடுங்க.

மதுரை தாண்டினா கோவில்பட்டி. கடலை மிட்டாய் வாங்காம கடக்க முடியாது, 2020ல புவிசார் குறியீடு வாங்கின ஐட்டம். அதுக்கப்புறம் கயத்தாறு, கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ல தூக்குல போட்ட ஊர். அங்கே நிக்குற சிலை, சிவாஜி கணேசன் இடத்தை வாங்கி வச்ச சிலை. பசங்களுக்கு அந்தப் படத்தை ஊர்ல போய்ப் போட்டுக் காட்டினா சாயங்காலமும் கழிஞ்சுடும், ஓடிடி செலவுகூட புதுசா இல்லை.

ஊர் நாகர்கோவில் பக்கம்னா ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காத்தாடிகள். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நூத்துக்கணக்குல நிக்கும். டிசம்பர் லீவைவிட மே கடைசியில, ஜூன்ல போனா நல்லா சுத்துறதைப் பார்க்கலாம், காத்து சீசன் அதுதான். அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம்: 28 தூண்கள் மேல, 100 அடிக்கும் மேல உயரத்துல, ஆத்தைத் தாண்டித் தண்ணி போற வாய்க்கால். பாலத்து மேல நடந்தே போகலாம். பக்கத்துல பத்மநாபபுரம் அரண்மனை. இடம் தமிழ்நாட்டுல, பராமரிக்கிறது கேரள அரசு. திங்கட்கிழமை லீவு. இதைப் பார்க்காமப் போனா 80 கிலோமீட்டர் பெட்ரோல் கேட்டுக்கு முன்னாடி செல்ஃபி எடுக்கத்தான் ஆகும்.

எங்கே இந்தக் கணக்கு உதைக்கும்

ஒரு பெரிய பொறி இருக்கு. எல்லாமே மலிவா இருக்குன்னு ஒரே நாள்ல மூணு இடம் இறங்கினீங்கன்னா, ராத்திரி ஊர் போய்ச் சேர முடியாது. திருச்சியிலேயோ மதுரையிலேயோ ரூம் போடணும். 200 ரூபாய் டீட்டூர் அந்த நிமிஷமே 2,500 ரூபாய் ஆகிடும். என் கணக்கு இதுதான்: போகும்போது ஒரு பெரிய இடம், வரும்போது ஒரு பெரிய இடம். கயத்தாறு மாதிரி அரை மணி நேரத்துல முடியுறது கணக்குல சேராது. மீதியை அடுத்த வருஷத்துக்கு வைங்க, ரோடு எங்கேயும் போயிடாது.

வாடகை வண்டியில போறவங்க இன்னும் கவனமா இருக்கணும். வெளியூர் வாடகையில பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர்னு வச்சிருப்பாங்க. கிலோமீட்டர் 14 ரூபாய்னா, வண்டி உங்க வீட்டு வாசல்ல சும்மா நின்னாலும் ஒரு நாளைக்கு 3,500 ரூபாய், டிரைவர் பேட்டா தனி. ஊர்ல நாலு நாள் இருக்கிற பயணத்துக்கு இது ஆகவே ஆகாது. ட்ரெயின்ல போயிட்டு, ஊர்ல ஒரே ஒரு நாள் வண்டி எடுத்துச் சுத்துங்க. 2024 நவம்பர்லேர்ந்து ட்ரெயின் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாக் குறைஞ்சிடுச்சு. மே 5ஆம் தேதி போகணும்னா மார்ச் முதல் வாரமே உட்காரணும். 5 வயசு முடிஞ்சு 12 ஆகாத பிள்ளைக்குத் தனி பெர்த் வேணும்னா முழுக் கட்டணம், பெர்த் வேண்டாம்னா பாதி. 5 வயசுக்குள்ளன்னா தனி பெர்த் கேட்காத வரைக்கும் இலவசம்.

ரூம் போட்டே ஆகணும்னா

இதை வீடியோவுல அவசரமாச் சொல்லிட்டுப் போனதால நிறைய பேர் கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் இருக்கிற ரூமுக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினா 18%. முழு வாடகைக்கும் 18%, தாண்டின பகுதிக்கு மட்டும் இல்லை.

7,400 ரூபாய் ரூமுக்கு வரி 370. மொத்தம் 7,770. அதே ரூம் சீசன்ல 7,600 ஆச்சுன்னா வரி 1,368. மொத்தம் 8,968. வாடகை ஏறினது 200 ரூபாய், உங்க பாக்கெட்லேர்ந்து போறது 1,198 ரூபாய். லீவு நாள்ல ரேட் நேரத்துக்கு நேரம் மாறுற ஆப்ல இந்த 7,500 கோட்டை ஒரு கண் பார்த்துக்கோங்க. தேதியை ஒரு நாள் தள்ளினாலே கோட்டுக்குக் கீழே வந்துடும்.

சாப்பாட்டுலயும் ஒண்ணு இருக்கு. போன நிதியாண்டுல 7,500க்கு மேல ஒரு ரூமாவது வாடகைக்கு விட்ட ஹோட்டல்னா, அதுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரன்ட் பில்லுக்கும் 18%. உங்க ரூம் 5,000 ரூபாயா இருந்தாலும் சரி. ரோட்டுக்கு எதிர்ல இருக்கிற மெஸ்ல 5%. நாலு பேர் மூணு வேளை சாப்பிட்டா இது சின்ன வித்தியாசம் இல்லை.

சொந்தக்காரங்க வீட்டுல தங்கினா செலவே இல்லைன்னு நினைக்காதீங்க. மாமா வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா? பழம், ஸ்வீட், கிளம்பும்போது அங்க இருக்கிற பிள்ளைங்க கையில வைக்கிற காசு, எல்லாத்துக்கும் பட்ஜெட்ல ஒரு வரி எழுதுங்க. எழுதாத செலவுதான் கடைசி நாள்ல கார்டை எடுக்க வைக்குது.

டோல் பாஸ் வாங்கலாமா?

2025 ஆகஸ்ட் 15ல வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ், 3,000 ரூபாய்க்கு ஆரம்பிச்சது. ஒரு வருஷம் அல்லது 200 ட்ரிப், எது முன்னாடி வருதோ அது. சொந்த உபயோக கார், ஜீப், வேனுக்கு மட்டும். இங்கே ட்ரிப்னா நம்ம பயணம் இல்லை, நம்ம ஹைவேயில ஒரு சுங்கச்சாவடியை ஒரு தடவை தாண்டினா ஒரு ட்ரிப். சராசரியா ஒரு சாவடிக்கு 75 ரூபாய் போகுதுன்னு வச்சா, 40 தடவை தாண்டினா போட்ட காசு வந்துடும். சென்னை - நாகர்கோவில் வழியில பத்துக்கும் மேல சாவடி இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போய் வர்றவங்களுக்குத் தாராளமாக் கட்டுப்படி ஆகும். மே மாசம் மட்டும் போறவங்களுக்கு ஆகாது. மாநில அரசு ரோட்டு டோலுக்கு இது செல்லாது, அங்கே வழக்கம்போல பேலன்ஸ் இருக்கணும். வாங்குற அன்னைக்கு என்ன விலைன்னு பார்த்துட்டுக் கணக்குப் போடுங்க.

பணம் எங்கிருந்து வரணும்

இப்போ கடைசி விஷயம், ஆனா எனக்கு முக்கியமான விஷயம் இதுதான். 60,000 ரூபாய் ட்ரிப்பைக் கார்டுல போட்டுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டுறீங்கன்னு வைங்க. மாசம் 3.5% வட்டின்னா 2,100 ரூபாய், வட்டி மேல 18% ஜிஎஸ்டி 378. முதல் மாசமே 2,478 போச்சு. அதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு: பாக்கி வச்சிருக்கிற வரைக்கும், அந்தக் கார்டுல புதுசா வாங்குற எதுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. அதாவது ஜூன்ல ஸ்கூல் ஃபீஸை அதே கார்டுல கட்டினா, கட்டின நாளிலிருந்தே அதுக்கும் வட்டி ஓடும். "இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க" திட்டங்களும் பேர்தான் வேற.

இதுக்குப் பதிலா ஜூன்லேர்ந்து மாசம் 3,000 ரூபாய் ஒரு ஆர்டி போடுங்க. 6.5% வட்டின்னா 12 மாசத்துல சுமார் 37,250 ரூபாய். ஊருக்குப் போறது, ரெண்டு இடத்துல இறங்குறது, மாமா வீட்டுக்கு ஸ்வீட், எல்லாத்துக்கும் சேர்த்து அதுதான் எல்லை. ஆர்டிக்குப் பேர் வைக்க ஆப்ல இடம் இருந்தா "செஞ்சி"ன்னே வைங்க, நடுவுல உடைக்க மனசு வராது. ஸ்கூல் ஃபீஸுக்குத் தனி ஆர்டி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ட்ரிப் ஃபீஸைத் தின்னுடும்.

இந்த வருஷம் ஆர்டி இல்லை, மே மாசம் வந்துடுச்சுன்னா? கையில இருக்கிற பணத்தை எழுதுங்க. அதுல ஜூன் ஃபீஸை முதல்ல கழிங்க. மீதி எவ்வளவோ அதுக்குள்ள ரோடு, அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஒரே ஒரு இடம். பட்டியலைப் பசங்க கையில கொடுத்து, எந்த இடம்னு அவங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. 500 ரூபாயையும் அவங்க கையிலேயே கொடுத்துடுங்க, கல்மரமா காத்தாடியான்னு அவங்க சண்டை போட்டு முடிவு பண்ணட்டும்.

கணக்குப் போட்ட ஷீட் வீடியோவுக்குக் கீழே டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. உங்க காரோட மைலேஜையும் உங்க ஊர் தூரத்தையும் மட்டும் மாத்திக்கோங்க. கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து ரோட்டுல இறங்க வேண்டிய இடம் தெரிஞ்சவங்க கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த பதிவுல சேர்த்துடலாம்.