பெயரில் நிற்கும் பருவம்: மண்டூர் வளவொன்றின் ஐப்பசி

இலையுதிர்காலம் என்னுஞ் சொல்லைப் பாடநூல்களிலே கற்றோம். மேல்நாட்டு மரங்கள் பொன்னிறமுஞ் செந்நிறமும் பெற்று இலையுதிர்க்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள மண்டூரில் நிகழ்வது அதற்கு மாறானது. உலர்வலயமாகிய இப்பகுதி ஆனி முதல் புரட்டாதி வரை கச்சான் காற்றில் வரண்டு கிடக்கும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையே வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்றோடு பெய்யும். ஆகவே மேல்நாட்டார்க்கு உதிர்காலமாக அமைவது எமக்குத் துளிர்காலமாகும்.

பழந்தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, ஆவணி, புரட்டாதியைக் கார் என்றும் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும் வழங்கினர். இக்கரையிலோ மாரி வலுப்பது கூதிரிலேயாம். பருவத்தின் பெயர் ஒன்றாயினும் அதன் இயல்பு நிலத்துக்கு நிலம் வேறுபடும். அவ்வேறுபாட்டை அறிவதற்கு வீட்டு வளவே தக்க ஏடாகும்.

வேலியிலிருந்து தொடங்குவோம். கோடை முழுதும் மண்ணுள் உறங்கிய கிழங்கிலிருந்து கார்த்திகைப்பூங் கொடி முதல் மழைக்கு முளைக்கின்றது. அதற்குத் தனியே பற்றுக்கம்பி இல்லை. இலை நுனியே சுருண்டு வேலிக் கதியாலைப் பற்றுகின்றது. இதழ்கள் முதலிற் பசுமை கலந்த மஞ்சளாய், பின் மஞ்சளுஞ் சிவப்புமாய், முடிவில் முற்றுஞ் சிவப்பாய் மாறுகின்றன. பழம்புலவர் காந்தள் என்று போற்றியது இதனையே. இதன் கிழங்கிலுள்ள கொல்சிசீன் கொடிய நஞ்சு; சிறுவரை இதனருகே எச்சரிக்கையோடு விடுதல் வேண்டும்.

மழைவிட்ட மாலையில் ஈசல் புறப்படுகின்றது. ஈரத்தால் நிலம் இளகியவுடன் கறையான் குடியிருப்பிலிருந்து சிறகுடைய ஆணும் பெண்ணும் வெளியேறி, சிறகுதிர்த்து, இணைந்து, புதுக்குடி அமைக்க மண்புகும். அவற்றுட் பெரும்பாலானவை தேரைக்கும் பல்லிக்கும் கரிச்சானுக்கும் இரையாகின்றன. ஓரிரவில் எண்ணற்றவை ஒருங்கே பறப்பதனாலேயே சில பிழைக்கின்றன.

இப்பருவத்தின் தலைசிறந்த விருந்தாளி ஆறுமணிக்குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டும் இப்பல்வண்ணப் பறவை, செப்ரெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இலங்கைக்கு வந்து, சித்திரையளவில் மீளும். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. நிலத்திற் கிடக்கும் சருகைப் புரட்டிப் புழுபூச்சிகளை உண்பதே இதன் வழக்கம்.

இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. ஒரு பெயர் மாதத்தைச் சொல்கின்றது. மற்றொன்று மணியைச் சொல்கின்றது. வாவியின் இருகரைகளும் ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை எனப் பெயர் பெற்றமையும் இவ்வகையினதே. இவை வெறும் பெயர்களல்ல. எழுத்தறியாத எம் முன்னோருட் பலர் விட்டுச்சென்ற அவதானக் குறிப்புகள். 1880 இல் நிறைவுற்ற தம் இலங்கைப் பறவைகள் வரலாற்றில் வின்சென்ற் லெக் என்பார் உள்ளூர்த் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தெழுதியமை அவற்றின் பெறுமதியை உணர்த்தும்.

எனினும் பெயர் நிற்கப் பொருள் மறையும் நிலை தோன்றியுள்ளது. கிளுவையும் பூவரசும் நின்ற உயிர்வேலிகள் சீமெந்து மதில்களாகி வருகின்றன; மதிலில் கார்த்திகைக்கொடி பற்றுவதற்கு இடமில்லை. சருகை நாள்தோறும் கூட்டி எரிக்கும் வளவில் ஆறுமணிக்குருவிக்கு இரையில்லை. அக்குரலைக் கேளாத பிள்ளைக்கு அப்பெயர் பொருளற்ற ஒலியாகிவிடும்.

இதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. முற்றத்தைக் கூட்டுவோர் கொல்லைப்புற மூலையொன்றிற் சருகை விட்டுவைக்கலாம். வேலியில் ஒரு பக்கத்தையேனும் உயிரோடு பேணலாம். மாணவர் ஒரு கொப்பியில் முதல் மழை, முதல் ஈசல், குருவியின் முதற்குரல், முதற்பூ ஆகியவற்றின் நாளைக் குறித்துவரலாம். பத்தாண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டால் மழை பிந்தும்போது எவை பிந்துகின்றன, எவை பிந்தாது வருகின்றன என்பது விளங்கும். முன்னோர் பெயராக்கித் தந்த அறிவை நாம் நாட்குறிப்பாக்கித் தொடர்தல் எமது கடனாகும்.