படம் முதலில், பழுதுபார்ப்பது பிறகு!

மேலே கூரை, கீழே விதானம், இடையிலே கும்மிருட்டு. இருட்டுக்குள்ளே ஆயிரக்கணக்கான வௌவால்கள். பல நூற்றாண்டுப் புழுதி பஞ்சு மெத்தைபோல் படிந்து கிடக்கிறது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு அதற்குள்ளே தவழ்ந்து செல்கின்றனர் ஒரு கணவரும் மனைவியும், அவர்தம் தோழர்களும். கையிலே அளவு நாடா, தோளிலே புகைப்படக் கருவி! புதையல் தேடியா? இல்லை, வரலாறு தேடி!

1937 ஜூன் திங்கள். சீனத்து ஷான்சி மாநிலம், ஊத்தாய் மலைப் பகுதி, ஃபோகுவாங் கோயில். கணவர் லியாங் சிச்செங். துணைவியார் லின் ஹுய்யின். டாங் அரசர் காலத்து மரக் கட்டடம் சீனாவிலே ஒன்றுகூட மிஞ்சவில்லை, காண விரும்புவோர் ஜப்பானின் நாரா நகருக்குத்தான் வரவேண்டும் என்று ஜப்பானிய அறிஞர்கள் அந்நாளில் கூறி வந்தனர். இவர்கள் மறுப்பறிக்கை விட்டார்களா? கோவேறு கழுதை ஏறி மலைக்குப் புறப்பட்டார்கள்!

உத்திரத்தின் அடியிலே மங்கிய மை எழுத்து இருப்பதை முதலில் கண்டவர் லின் அம்மையார். நீர்விட்டுத் துடைத்தால் எழுத்துத் தெரியும், உலர்ந்தால் மறையும். துடைத்துத் துடைத்துப் படித்தனர். கிடைத்தது ஒரு பெயர்: நிங் குங்யூ. கோயிலுக்குப் பொருள் ஈந்தவர், ஒரு பெண்! மண்டபத்தின் எதிரே நின்ற கல்தூணிலும் அதே பெயர், ஆண்டோடு. கி.பி. 857! புராணம் பாடி நிலைநாட்டிய பழமையா இது? மையும் கல்லும் சாட்சி சொன்ன பழமை!

அந்தப் பெண்ணின் பெயரைக் கண்டுபிடித்த பெண்ணின் கதை என்ன? அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே கட்டடக் கலைத் துறையில் பெண்களுக்கு இடமில்லை என்றனர். நுண்கலை மாணவியாகச் சேர்ந்துதான் அந்தப் பாடங்களைப் பயின்றார். உரிய பட்டத்தை அதே பல்கலைக்கழகம் 2024-லே வழங்கிற்று. அம்மையார் மறைந்ததோ 1955-லே!

இத்தனை பாடு எதற்கு? 1935-லே சூஃபூ நகரின் கன்ஃபூசியஸ் கோயிலைச் சீரமைக்கத் திட்டம் தீட்டியபோதே லியாங் விளக்கிவிட்டார். பழையதைத் தள்ளிவிட்டுப் பளபளப்பாகப் புதிது கட்டுவதையே திருப்பணி என்று முன்னோர் கருதினர். நம் கடமை, உள்ளதைக் காப்பது என்றார். காப்பதற்கு முன் அளக்க வேண்டாமா? படம் பிடிக்க வேண்டாமா? தூணுக்கும் கூரைக்கும் இடையே அடுக்கடுக்காகக் கோத்த மரத் தாங்கிகளைக் கழற்றிவிட்டால், எது எதனோடு பொருந்தியது என்று எவரைக் கேட்பது? புதுச் சாயம் பூசியபின் பழைய வண்ணத்தை எங்கே தேடுவது?

ஜூலையிலே போர் மூண்டது. படச்சுருள்களைத் தியன்ஜின் நகர வங்கிப் பெட்டகத்திலே வைத்தனர். 1939 வெள்ளம் பெட்டகத்திற்குள்ளும் புகுந்தது. பெரும் பகுதி பாழ்!

1949-க்குப் பின் புதிய ஆட்சி. பெய்ஜிங் மதிலை இடிக்காதீர், அதன்மேல் மக்களுக்குப் பூங்கா அமையுங்கள் என்று மன்றாடினார் லியாங். ஆளவந்தோர் செவியிலே ஏறவில்லை. மதில் சாய்ந்தது. 1957-லே யோங்டிங் வாயிலும் வீழ்ந்தது. ஆஸ்வால்ட் சிரேன் என்னும் சுவீடன் நாட்டறிஞர் அந்நகர வாயில்களைப் படமெடுத்து 1924-லே நூலாக்கி வைத்திருந்தார். வாயில் போயிற்று, படம் இருந்தது!

இடித்தவர்களே 2004-லே யோங்டிங் வாயிலைத் திரும்பக் கட்டினர். பழைய அளவு வரைபடங்களும் புகைப்படங்களும் துணை நின்றன. வாயில் எழுந்தது. இருபுறமும் இருந்த மதில் மட்டும் எழவில்லை.