மருத்துவமனை அருகில், சிகிச்சை தொலைவில்: தாராவித் தமிழர்களும் போதையும்

மதுவுக்கு அடிமையாகிவிட்ட 38 பேரில் ஒருவருக்கு மட்டுமே இந்தியாவில் ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சையோ உதவியோ கிடைக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180 பேரில் ஒருவர். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கழகத்தின் தேசிய போதைச் சிகிச்சை மையம் நடத்தி, 2019 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட ஆய்வு தந்த கணக்கு இது. நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மருத்துவ உதவி தேவை என்றும் அதே ஆய்வு கூறியது. மதுக்கடைகளைத் திறப்பதா, மூடுவதா என்று வாதிட்டுக்கொண்டிருக்கும் அரசியலில் இந்த எண்களுக்கு இன்றுவரை உரிய இடம் கிடைக்கவில்லை.

இதன் பொருளை மும்பையின் தாராவியில் தெளிவாகக் காணலாம். தாராவியை ஒட்டியே மாநகராட்சியின் லோகமான்ய திலகர் மருத்துவமனை உள்ளது. மக்கள் சொல்வது சயான் மருத்துவமனை. அதன் கிளையாக தாராவிக்குள்ளேயே இயங்கும் நகர்ப்புற சுகாதார மையத்துக்கு 'சோட்டா சயான்' என்று பெயர். மனநலப் பிரிவுள்ள ஒரு பெரிய மருத்துவமனை நடக்கும் தூரத்தில் இருந்தும், தினமும் குடித்தாக வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட தொழிலாளி அங்கு போய்ச் சேருவது அரிதாகவே உள்ளது.

இதற்குக் காரணங்கள் பல. புறநோயாளிப் பிரிவு காலையில் இயங்குகிறது. கூலி வேலை தொடங்குவதும் காலையில்தான். தோல் பட்டறையிலோ தையல் கூடத்திலோ உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவர் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று வருமானம் இல்லை. செம்பூர் பக்கத்து உரத் தொழிற்சாலையிலோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலோ நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு மருத்துவ விடுப்பும் மருத்துவச் செலவும் உண்டு. மாட்டுங்காவின் நடுத்தரக் குடும்பத்தில் இதே நோய் கதவுக்குள் மறைக்கப்படுகிறது; பணம் இருப்பதால் தனியார் மையத்துக்கு ஓசையின்றி அனுப்பவும் முடிகிறது. தாராவியின் பத்தடி அறையில் மறைப்பதற்கு இடமில்லை.

ஆனால் வெட்கம் மட்டும் அங்கும் குறைவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறியவர்கள் ஊர்க்காரர், உறவுக்காரர் என்று சேர்ந்தே வாழ்கின்றனர். மாநகரின் நடுவே இருந்தாலும் தாராவியின் தமிழ்த் தெருக்கள் ஒரு சிற்றூரின் இயல்பு கொண்டவை. ஒருவர் 'பைத்தியக்கார டாக்டரிடம்' போனார் என்ற செய்தி அவருக்கு முன்னதாகவே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு பெண் கொடுக்கல், எடுக்கல் எல்லாம் சிக்கலாகும். மொழியும் ஒரு தடை. இந்தியில் பேரம் பேசத் தெரிந்தவருக்கும் தன் மனத்தின் அவமானத்தை இந்தியில் சொல்ல வராது.

சட்டம் வளர்த்த சாராயம்

தாராவியும் போதையும் சேர்த்துப் பேசப்படும்போதெல்லாம் வரதராஜ முதலியாரின் பெயர் வரும். அந்தக் கதை அவரிடமிருந்து தொடங்கவில்லை. ஒரு சட்டத்திலிருந்து தொடங்கியது. மொரார்ஜி தேசாய் பம்பாய் மாகாண உள்துறை அமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி 1950-இல் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அருந்துவோர் குறையவில்லை, அருந்தும் பொருள்தான் மாறியது. வெல்லமும் நவச்சாரமும் சேர்த்த ஊறல்கள் சதுப்பு நில ஓரங்களில் பெருகின. காய்ச்சிய சரக்கு டயர் டியூப்களில் அடைக்கப்பட்டு நகருக்குள் சென்றது. அப்போது நகரின் விளிம்பாக, உப்பங்கழியை ஒட்டிய சேற்று நிலமாக இருந்த தாராவி இதற்கு வாய்ப்பான இடமாயிற்று.

தூத்துக்குடியிலிருந்து வந்து, விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய வரதராஜன் இந்தத் தொழிலில்தான் வளர்ந்தார். தாராவி, ஆன்டாப் ஹில், சயான், மாட்டுங்கா என அவரது ஆதிக்கம் பரவியது. ஏழைத் தமிழர்களின் வழக்குகளைத் தீர்த்துவைத்தார் என்பது உண்மை. அதே ஏழைகளின் அன்றாடக் கூலி அவருடைய சாராயத்துக்குப் போனது என்பதும் உண்மை. 1987-இல் வெளியான 'நாயகன்' திரைப்படத்துக்குப் பிறகு முதல் உண்மை மட்டும் தமிழ்நாட்டின் நினைவில் தங்கிவிட்டது.

1980-களில் காவல்துறை அதிகாரி ஒய்.சி. பவார் மேற்கொண்ட நடவடிக்கைகளால் அந்த வலைப்பின்னல் உடைந்தது. சென்னைக்குத் திரும்பிய வரதராஜன் 1988-இல் காலமானார். காவல்துறைக்கு அது வெற்றி. குடித்துப் பழகியவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி எவர் கோப்பிலும் இடம்பெறவில்லை. அவர்கள் உரிமம் பெற்ற நாட்டுச் சாராயக் கடைகளுக்கு மாறினர். விலை குறைவாகத் தேடியவர்கள் மீண்டும் கள்ளச்சாராயத்தையே நாடினர். ஏறக்குறைய அதே காலத்தில் பம்பாய்த் தெருக்களில் 'கர்த்' என்று அழைக்கப்படும் பிரவுன் சுகர் பரவத் தொடங்கியது.

கள்ளச்சாராயம் அதோடு ஒழிந்துவிடவுமில்லை. 2004 டிசம்பரில் விக்ரோலியில் 80-க்கும் மேற்பட்டோர், 2015 ஜூனில் மலாட் மால்வணியில் 100-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் அதே நஞ்சால்தான். மதுவிலக்கு இல்லாத, அரசே மது விற்கும் தமிழ்நாட்டிலும் அது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கடையின் விலையைக் கொடுக்க முடியாத அடிமைத்தனமே இரு மாநிலங்களிலும் அந்தச் சாவுகளுக்குப் பொதுவான காரணம்.

இளைஞர்களிடையே இப்போது 'எம்.டி.' எனப்படும் மெபெட்ரோன் பேசப்படுகிறது. 2015 பிப்ரவரியில்தான் அது போதைப்பொருள் தடைச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதுவரை காவல்துறையினரால் வழக்குத் தொடரவே வழியில்லை. ஒட்டும் பசை, தின்னர் ஆகியவற்றை முகரும் பழக்கம் சிறுவர்களிடம் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்றாக மகாராஷ்டிரத்தை எய்ம்ஸ் ஆய்வு குறிப்பிட்டது. நாடு முழுவதும் இதற்கு உதவி தேவைப்படும் சிறுவர்கள் 4.6 லட்சம் பேர்.

நிறுத்தினாலும் ஆபத்து

மனத்தில் உறுதி இருந்தால் விட்டுவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவரின் மூளை மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளையொட்டி மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் தோன்றி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உரிய மாத்திரைகளும் தயமின் வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். அறையில் பூட்டிவைக்கும் குடும்பத்துக்கும் லாக்கப்பில் அடைக்கும் காவலருக்கும் இது தெரிவதில்லை.

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் கடைகள் மூடப்பட்டபோது இந்த உண்மை திடீரென வெளிச்சத்துக்கு வந்தது. கேரளத்தில் மது கிடைக்காமல் தற்கொலைகள் நிகழவே, மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்க அரசு ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மும்பையில் மே முதல் வாரத்தில் கடைகள் திறந்ததும் கூட்டம் அலைமோத, இரண்டே நாளில் மாநகராட்சி மீண்டும் மூடியது. கரோனாவைத் தாராவி கட்டுப்படுத்திய விதம் உலகெங்கும் பாராட்டப்பட்டது. வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்ததே அந்த வெற்றியின் அடிப்படை. குடிநோய்க்கு அந்த முறை கைக்கொள்ளப்படவில்லை.

நோயாளியா, குற்றவாளியா?

தில்லியில் இயற்றப்பட்ட சட்டங்களே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளை நோய் என்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவோ, ஹெராயின் உட்கொண்டவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவர் மீது வழக்குத் தொடரக் கூடாது என்று அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு கூறுவது சேரிப்பகுதிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருப்போரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என 2021-இல் சமூக நீதி அமைச்சகம் நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறைக்குப் பரிந்துரைத்ததாகச் செய்திகள் வெளியாயின.

வழிகாட்டும் முயற்சிகளுக்குப் பஞ்சமில்லை. குடிநோயாளிகளே கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் இந்தியாவில் 1957-இல் பம்பாயில்தான் தொடங்கியது. பாந்த்ராவில் 1981-இல் பாதிரியார் ஜோ பெரைரா கிருபா அறக்கட்டளையைத் தொடங்கினார். புணேயில் 1986-இல் அனிதா, அனில் அவசட் தம்பதியர் முக்தாங்கண் மையத்தை நிறுவினர். ஆயினும் தாராவிக்குப் பொருத்தமான பாடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், 1989-இல் திருவாரூர் வட்டாரத்து மஞ்சக்குடியில் முகாம் முறையைச் சோதித்தது. நோயாளிகளை நகரத்துக்கு வரச் சொல்லவில்லை. மருத்துவரும் ஆலோசகரும் ஊருக்குச் சென்றனர். உள்ளூரார் இடமும் ஆதரவும் அளிக்க, சுமார் பதினைந்து நாள் சிகிச்சை. மனைவியருக்குத் தனி ஆலோசனை. பிறகு தொடர் கண்காணிப்பு. ஊரே அறிய நடந்ததால் வெட்கம் குறைந்தது.

தாராவியில் இதற்குத் தேவையான கோவில் மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள், தமிழ்ச் சங்கங்கள் எல்லாம் உள்ளன. பணம் இல்லை என்றும் சொல்ல இயலாது. 2025 ஜூனில் மது மீதான வரியை உயர்த்திய மகாராஷ்டிர அமைச்சரவை, அதன் மூலம் ஆண்டுக்கு 14,000 கோடி ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று மதிப்பிட்டது. 180 மில்லி நாட்டுச் சாராயத்தின் குறைந்தபட்ச விலை 80 ரூபாயாயிற்று. அந்த வருவாயில் ஒரு சிறு பங்கைக் கொண்டு 'சோட்டா சயான்' மையத்தில் மாலை ஆறு மணிக்குமேல் ஒரு மருத்துவரும் தமிழ் தெரிந்த ஓர் ஆலோசகரும் அமர வழி செய்ய மாநகராட்சியும் மாநில அரசும் முன்வந்தால், வேலை முடிந்து திரும்பும் தொழிலாளி கடைக்குப் போகும் வழியில் அங்கும் நுழைய முடியும்.