நட்ட மரம் யாருக்கு?

ஐப்பசி மழைக்கு முன்பே ஊர் ஊராகக் குழி வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் காடும் மரமுமாக இருக்கும் 23.7 சதவீதப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த, 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. வரவேற்போம். சித்திரை வெயிலில் களையெடுக்கப் போகிறவர்களுக்கு மரத்தின் அருமையை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு. ஊர்க்காடு எந்த நிலத்தில் வருகிறது?

மேய்ச்சல் புறம்போக்கு சும்மாதானே கிடக்கிறது என்பார்கள். அது சும்மா கிடக்கவில்லை. காணி நிலம் இல்லாதவர்களின் ஆடு அங்கேதான் மேய்கிறது. சேரிப் பெண்கள் விறகு ஒடிப்பதும் கீரை பறிப்பதும் அங்கேதான். பல ஊர்களில் நம் சுடுகாட்டுக்குப் போகும் பாதையும் அதன் வழியாகத்தான். அங்கே கம்பிவேலி போட்டால் முதலில் வெளியே நிற்பது நாம்தான்.

இன்னொன்றையும் பார்த்துவருகிறோம். வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுத்த இடத்திலேயே, மனு நிலுவையில் இருக்கும்போதே, கன்றுகள் நடப்படுகின்றன. பிறகு போய்க் கேட்டால், "மரத்தை வெட்டச் சொல்கிறீர்களா?" என்கிறார்கள். வீடு கேட்டவர் ஒரே நாளில் மரத்துக்கு எதிரியாகிவிடுகிறார்!

பஞ்சமி நிலத்தின் கதை நமக்குத் தெரியும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892இல் ஆணை பிறந்தது. நம் மக்களுக்கென்று கொடுத்த நிலம் அது. எண்பதுகளில் யு.டி.ஆர். கணக்கு எழுதியபோது பல ஊர்களில் அந்த அடையாளமே காணாமல் போனது. அதனால் கன்று நடும் இடத்தின் சர்வே எண்ணை இன்றைய கணக்கில் மட்டும் பார்த்தால் போதாது. பழைய 'அ' பதிவேட்டையும் பார்க்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த வேலையைக் கையில் எடுக்கலாம். தாலுகா அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் நகல் கேட்கலாம்.

அடுத்தது பலன். சுவீடன் நாட்டு உதவியோடு 1981இல் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. ஏரிகளுக்குள் கருவேலங்கன்றுகள் நட்டார்கள். குழி வெட்டியது கூலிக்காரர்கள். மரம் முதிர்ந்ததும் ஏலம் விட்டார்கள். ஏலத்துக்கு முன்பணம் கட்டக் கையில் காசு உள்ளவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நமக்கு வெட்டுக்கூலியும் சுள்ளியும். பெயர் மட்டும் சமூகக் காடு.

ஆகவே என்ன மரம் என்பதிலும் நமக்குப் பேச்சு உண்டு. தேக்கும் தைலமரமும் நட்டால் முடிவு ஏலம்தான். புளி, இலுப்பை, நாவல், நெல்லி, பனை என்றால் ஆண்டுதோறும் பொறுக்கவும் பறிக்கவும் ஏதாவது இருக்கும். புளி காய்க்கப் பத்து வருடம் ஆகலாம், பரவாயில்லை. புறம்போக்கு மரத்தின் பலனை மட்டும் அனுபவிக்க வருவாய்த் துறை தரும் 2சி பட்டா என்று ஒன்று இருக்கிறது. நிலம் அரசுடையதாகவே இருக்கும், காய்ப்பலன் பட்டா வாங்கியவருக்கு. பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. தண்ணீர் ஊற்றி வளர்க்கும் பெண்கள் தாசில்தாரிடம் இதைக் கேட்டு மனு கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 2இலும் நவம்பர் 1இலும் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை வாசித்துக் காட்டாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். நிலத்தின் சர்வே எண், முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றுபவருக்கு யார் கூலி தருவது, காயும் விறகும் யாருக்கு, ஆட்டுக்கும் சுடுகாட்டுக்கும் எத்தனை அடி வழி விடுவது என்ற நான்கும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதிய பக்கத்தை அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.