சூழ்நிலைக்கு உள்ளேயா, கீழேயா?



'இந்தச் சூழ்நிலையில்' என்று சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று 'இன் தி சர்கம்ஸ்டன்சஸ்', இன்னொன்று 'அண்டர் தி சர்கம்ஸ்டன்சஸ்'. இரண்டாவது தப்பு என்று இலக்கணப் புலிகள் சிலர் மல்லுக்கு நின்றதுண்டு. லத்தீன் மூலத்தில் 'சர்கம்ஸ்டன்ஸ்' என்ற சொல்லுக்குச் 'சுற்றி நிற்பது' என்று பொருள். சுற்றி நிற்பதற்கு நடுவே இருக்கலாம், அதற்குக் கீழே எப்படி இருப்பது என்பது அவர்கள் வாதம். 1926-இல் வெளியான தமது ஆங்கிலச் சொல்வழக்கு அகராதியில் ஹென்றி ஃபௌலர் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கித் தள்ளினார். நியாயம்தான். சூழ்நிலை ஆளை அழுத்தும்போது 'அண்டர்' பொருந்தத்தானே செய்கிறது!

'எக்காரணம் கொண்டும் கூடாது' என்று கறாராகச் சொல்ல, 'அண்டர் நோ சர்கம்ஸ்டன்சஸ்' என்பதே பெருவழக்கு. அது வாக்கியத்தின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால், கேள்வி கேட்கும்போது நடப்பதுபோலத் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போய்விடும். 'அண்டர் நோ சர்கம்ஸ்டன்சஸ் ஷுட் யூ ஓப்பன் திஸ் டோர்', இந்தக் கதவை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். இங்கே 'யூ ஷுட்' என்று எழுதினால் பிழை. போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

வாழ்ந்து கெட்ட குடும்பத்தை ஏழை என்று சொல்ல நாக்கூசியவர்கள், 'இன் ரெட்யூஸ்ட் சர்கம்ஸ்டன்சஸ்' என்று பூசி மெழுகினார்கள். வசதி குறைந்த நிலையில் இருக்கிறார்களாம். இதில் மட்டும் 'அண்டர்' நுழைவதில்லை.