காய்ச்சினாலும் போகாத நஞ்சு

உத்தியோக நிமித்தம் வடக்கே வந்து குடியேறிய நம்மவர்கள் வீடு தேடுங்கால் முதலில் விசாரிப்பது வாடகை, அடுத்தது பள்ளிக்கூடம், பிறகுதான் தண்ணீர். "கிணறு இருக்கிறது" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் திருப்தியடைந்துவிடுகிறோம். அக்கிணற்றின் அண்டையில் என்ன புதைந்திருக்கிறது என்று கேட்பதில்லை.

நம் அலுவலக நண்பர் ஒருவர், மூடிக்கிடந்த தொழிற்சாலையின் மதிலை ஒட்டிய வீடொன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். வாடகை குறைவு. ஆனால் குழாய்க் கிணற்று நீரில் மருந்து வாடை வீசிற்று. "காய்ச்சிக் குடித்தால் போயிற்று" என்றார் அவர் மனைவியார். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்னைக்கும் டில்லிக்கும் போகும்போதெல்லாம் போபாலைக் கடந்து செல்லும் நாம், அந்நகரம் தரும் பாடத்தை மறந்துவிட்டோம்!

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் அங்கு யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்ததை யாவரும் அறிவர். அதற்கு முன்பே தொடங்கிய மற்றொரு தீங்கைப் பலர் அறியார். ஆலைக் கழிவுகள் வளாகத்திலேயே கொட்டப்பட்டன. 1977 முதல், வெளியே வெட்டிய குளங்களில் கழிவுநீரைத் தேக்கி வெயிலில் வற்றவிட்டனர். நஞ்சு மண்ணில் இறங்கி, சுற்றுப்புறக் குடியிருப்புகளின் நிலத்தடி நீரில் கலந்தது. அம்மக்களுக்கு நல்ல குடிநீர் வழங்கவேண்டுமென்று 2004-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது.

2025 ஜனவரியில், ஆலையில் சேர்த்து வைத்திருந்த 337 டன் கழிவு பீதம்பூருக்கு அனுப்பப்பட்டு, ஜூன் இறுதிக்குள் எரிக்கப்பட்டது. அத்துடன் தொல்லை ஒழிந்ததா? நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கணித்தபடி, நஞ்சேறிய மண் சுமார் 11 லட்சம் டன்! மூட்டை கட்டியதை வண்டியில் ஏற்றலாம். மண்ணில் ஊறியதை எந்த வண்டியில் ஏற்றுவது?

இல்லத்தரசிகள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். காய்ச்சினால் கிருமிகள் மடியும். ஈயமும் பாதரசமும் போகா. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு மிகும். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீருமன்று. வாடையோ நிறமோ இன்றியும் நஞ்சு இருக்கக்கூடும். ஆகவே, ஆலைப் பக்கம் வீடு பார்ப்போர், நகராட்சிக் குழாய்நீர் வருகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். கிணற்று நீரை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும்போது, கன உலோகங்களையும் பூச்சிமருந்தையும் சோதிக்கும்படி எழுதிக் கேட்க வேண்டும். சாதாரணச் சோதனையில் இவை பெரும்பாலும் சேரா. ஆலைகளிலிருந்து வரும் மலிவான மருந்துப் பீப்பாய்களில் குடிநீர் பிடித்து வைத்தல் ஆகாது. கழிவு கிடக்கும் திடலில் குழந்தைகளை விளையாட விடலாகாது. ஐயமிருப்பின், தெருவார் அனைவரும் கையெழுத்திட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு மனுச் செய்தல் நலம். தனியொருவர் குரலைவிட ஐம்பது கையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

நண்பர் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தார். முடிவில் ஈயம் மிகுந்திருந்தது. அவர் அவ்வீட்டுக்குக் குடிபோகவில்லை. முன்பணம் திரும்பவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. அவருடைய இரு குழந்தைகளையும் பார்க்கும்போது, அந்தப் பணம் வீண்போனதாக நமக்குத் தோன்றவில்லை.